பர்மிட் இருந்தாலும் தூக்குவாங்கன்னா, எதுக்கய்யா பர்மிட்?

"சட்டப்படி பர்மிட் வாங்கிட்டு கடை போட வேண்டியதுதானே?"

தென்னாப்பிரிக்காவோட நடைபாதை வியாபாரிங்களைப் பத்திப் பேச்செடுத்தாலே யாராவது ஒருத்தர் இதைச் சொல்லிடுறாங்க. கேட்டுக் கேட்டு வயிறு எரியுது. 2013 அக்டோபர்ல ஜோஹன்னஸ்பர்க்ல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?

'ஆபரேஷன் கிளீன் ஸ்வீப்'னு பேரு வெச்சு, நகர மையத்துல பிழைச்சுக்கிட்டிருந்த ஆயிரக்கணக்கான வியாபாரிங்களை மாநகராட்சி விரட்டுச்சு. அதுல ஏகப்பட்ட பேரு முறையா அனுமதி வாங்கினவங்க. அனுமதி கொடுத்ததே அதே மாநகராட்சிதான்! அப்புறம் சரிபார்க்கணும்னு வரிசையில நிக்க வெச்சாங்க. நின்னாங்க. சரிபார்ப்பு முடிஞ்சும் பழைய இடத்துல கடை போட விடல, வேற இடம் தர்றோம்னாங்க. அதுவரைக்கும் வீட்டுல உலை வைக்க வேண்டாமா? கிறிஸ்துமஸுக்கு முன்னாடி நாலு காசு பார்க்குற சீசன் வேற.

கோர்ட்டுக்குப் போனாங்க. உயர் நீதிமன்றம் "இதுல அவசரம் எதுவுமில்ல"ன்னு வழக்கைப் பட்டியல்லேருந்தே எடுத்துடுச்சு. அவசரமில்லையாம்! அன்னன்னைக்கு வித்தாத்தான் அன்னைக்குச் சாப்பாடுங்கிறவங்களுக்கு, ஒரு மாசத்துக்கு மேல கடை இல்லாததுல அவசரமில்லையாம். கடைசியில அரசியல் சாசன நீதிமன்றம்தான் டிசம்பர் 5-ம் தேதி, அவங்க பழைய இடத்துலயே வியாபாரம் பண்ணலாம்னு இடைக்கால உத்தரவு போட்டுச்சு. மண்டேலா இறந்ததும் அதே நாள் ராத்திரிதான்.

இத்தனைக்கும் அந்த நாட்டுச் சட்டம் மோசமான சட்டம் இல்ல. நிறவெறி ஆட்சியில கறுப்பின மக்கள் தெருவுல உக்காந்து விக்கவே முடியாது, ஓடிக்கிட்டே இருக்கணும். 1991-ல வந்த வணிகச் சட்டம்தான் அந்தக் கெடுபிடியைத் தளர்த்துச்சு. அதுக்கு வந்த திருத்தத்துலயும் தெளிவா இருக்கு: ஒரு தெருவுல வியாபாரத்தைத் தடுக்கணும்னா, எத்தனை பேரோட பிழைப்பு போகும்னு மாநகராட்சி முதல்ல யோசிக்கணும். ஒழுங்கா மேற்பார்வை பண்ணினாலே பிரச்சனை தீருமான்னு பார்க்கணும். அறிவிப்பு கொடுத்து ஆட்சேபணை கேட்கணும். இதையெல்லாம் தாண்டிக் குதிச்சு லத்தியோட வந்து நின்னது யாரு? சட்டத்தை மீறினது தக்காளி விக்குற அம்மாவா, மாநகராட்சியா?

அதே நாட்டுல டர்பன் நகரத்துக் கதை இன்னும் கொடுமை. செருப்பு விக்குற ஒருத்தர், கையில பர்மிட் இருக்கு. அவரு அந்தப் பக்கம் போயிருந்த நேரத்துல கடையில நின்ன உதவியாள்கிட்ட பர்மிட் இல்லன்னு மொத்தச் சரக்கையும் அள்ளிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் போய்க் கேட்டா, சரக்கைக் காணோம்! மதிப்பு 775 ராண்ட் (அந்த நாட்டுப் பணம்). பெரிய கடைக்காரனுக்கு அது தூசு; அவருக்கு அதுதான் முதலு. 2015-ல நீதிபதி தயா பிள்ளை அந்தப் பறிமுதல் விதியே செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லி, நஷ்டஈட்டையும் கொடுக்கச் சொன்னாங்க. 775 ராண்டுக்காக ஒரு மனுஷன் உயர் நீதிமன்றப் படி ஏறணும்னா, படியேற வழியில்லாம சரக்கைப் பறிகொடுத்துட்டு வீட்டுக்குப் போனவங்க எத்தனை பேரு?

இதுல நம்மாளுங்களும் சேர்ந்துக்கிட்டு "தெருவை நாறடிக்கிறாங்க"ன்னு பேசும்போதுதான் எனக்குத் தாங்கல. இதே டர்பன் இருக்கிற நேட்டால்ல 1897-ல வணிகர் உரிமச் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. அதுல 'இந்தியர்'ங்கிற வார்த்தையே கிடையாது. உரிமம் தர்றதும் மறுக்கிறதும் அதிகாரியோட இஷ்டம். மறுத்தா நகரசபைகிட்டத்தான் முறையிடலாம், கோர்ட்டுக்குப் போக முடியாது. அந்த நகரசபையில உக்காந்திருந்ததோ போட்டி வியாபாரிகளான வெள்ளைக்காரங்க! கரும்புத் தோட்டக் கூலி ஒப்பந்தம் முடிஞ்சு காய்கறி வித்துப் பிழைச்ச தமிழங்களும், கடை வெச்ச குஜராத்திங்களும் அந்த ஊர்ல எந்தக் கண்ணோட பார்க்கப்பட்டாங்கன்னு இதுலயே தெரியும். அவங்க ஆரம்பிச்ச டர்பன் அதிகாலைச் சந்தையைக்கூட 2009-ல இடிச்சுட்டு மால் கட்டப் பார்த்தாங்க. வியாபாரிங்க போராடித்தான் அது நின்னுச்சு.

அதனால இனிமே "பர்மிட் வாங்க வேண்டியதுதானே"ன்னு சொல்றவங்க, எந்த ஆபீஸ்ல கொடுக்குறாங்க, எத்தனை மாசம் ஆகும், வாங்கினவங்களை எதுக்கு விரட்டினாங்க, இதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டு அப்புறம் பேசுங்க.