அவர்கள் வேலை செய்தார்கள்

இரண்டு நாளாக அந்த மேடைப் பேச்சுதான் எல்லார் பக்கத்திலும் ஓடுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்குச் சக்கர நாற்காலி வழங்கும் விழா. "அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலேயே இவர்களை மூலையில் உட்காரவைத்துச் சோறு போட்டார்கள், இல்லையென்றால் பிச்சை எடுக்க விட்டார்கள். நாம் மேடையேற்றுகிறோம்" என்றார் பேசியவர். கைதட்டல். கீழே வரிசையில் காத்திருந்தவர்கள் முகத்தை யாராவது பார்த்தீர்களா? எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அவர்கள் வேலை செய்தார்கள். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

1570இல் இங்கிலாந்தின் நார்விச் நகரம் தன் ஏழைகளைக் கணக்கெடுத்தது. சுமார் 2,300 பேர். பெயர், வயது, தொழில், உடல்நிலை, வாரம் எவ்வளவு தருமப் பணம் என்று வீடு வீடாகப் போய் எழுதினார்கள். அதில் 'கால் ஊனம்' என்ற குறிப்போடு தொழிலும் சேர்ந்தே வருகிறது. 74, 79, 82 வயதில் மூன்று விதவைகள். 'உழைக்கும் நிலையை ஏறக்குறையத் தாண்டியவர்கள்' என்று எழுதிய கையோடு, 'வெள்ளைப் பாவு நூல் நூற்கிறார்கள்' என்றும் எழுதியிருக்கிறது. மூலையில் உட்கார்ந்துதான் இருந்தார்கள், கையில் நூலோடு.

"வயிற்றுக்காகக் கிடந்து உழைத்ததைப் பெருமையாகச் சொல்கிறாயா?" என்று கேட்பீர்கள். அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லவே இல்லை. இங்கிலாந்தின் 1572 சட்டப்படி உரிமம் இல்லாமல் பிச்சை எடுத்தால் சவுக்கடி, சுட்ட இரும்பால் வலது காதில் துளை. 1771இல் பாரிஸ் சந்தையில் பார்வையற்றவர்களுக்குக் கோமாளி வேஷம் கட்டி, கண்ணில் அட்டைக் கண்ணாடி மாட்டி, வாத்தியம் வாசிக்க வைத்துச் சிரித்தார்கள். எல்லாம் தெரியும். கொடுமை இருந்தது, வேலையும் இருந்தது. கொடுமையை மட்டும் நினைவு வைத்துக்கொண்டு வேலையை ஏன் மறக்கிறீர்கள்?

அடுத்து "ஒன்றிரண்டு விதிவிலக்கு" என்பீர்கள். நார்விச் பட்டியலே அதற்குப் பதில். ஆனாலும் விதிவிலக்குகளையும் சொல்கிறேன், அவர்களையும் அந்த மேடை மறந்துவிட்டது.

நிக்கோலஸ் சாண்டர்சன், இங்கிலாந்தின் கணித அறிஞர். ஒரு வயதில் அம்மையில் பார்வை போனது. கணக்குப் போட அவருக்கு ஒரு பலகை இருந்தது. ஒவ்வோர் இலக்கத்துக்கும் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது துளை. நடுத்துளையில் பெரிய தலைக் குண்டூசி மட்டும் இருந்தால் சுழியம், சிறிய தலை மட்டும் இருந்தால் 1. நடுவில் பெரியது நிற்க, நேர் மேலே சிறியது வந்தால் 2. அங்கிருந்து கடிகாரம் சுற்றும் திசையில் சிறியது ஒரு துளை நகர்ந்தால் 3, அடுத்தது 4, அப்படியே 9 வரை. விரலால் தடவியே கூட்டுவார், கழிப்பார். 1707இல் கேம்பிரிட்ஜுக்குப் போனார். மாணவராகச் சேராமலேயே அங்கே பாடம் நடத்தினார். 1711இல் அரசி ஆணையிட்டுப் பட்டம் தர, நியூட்டன் இருந்த பேராசிரியர் பதவியில் அமர்ந்தார்.

ஜான் மெட்காஃப். ஆறு வயதில் பார்வை போனது, அவருக்கும் அம்மைதான். சாலை ஒப்பந்தக்காரர். நீண்ட கோலை ஊன்றி நிலத்தை அளப்பார், செலவை மனத்திலேயே போடுவார். இங்கிலாந்தின் யார்க்ஷயரில் ஒரு சதுப்பு நிலம். சேற்றைத் தோண்டி எடுத்துவிட்டுச் சாலை போடு என்றார்கள். தோண்டினால் செலவு தாங்காது, மழை பெய்தால் பள்ளம் தண்ணீரால் நிறையும் என்று மறுத்தார். புதர்ச்செடியை வெட்டி, இரண்டு கைப்பிடிக்குள் அடங்கும் உருண்டைக் கட்டுகளாகக் கட்டச் சொன்னார். சாலை போகும் திசையில் ஒரு வரிசை, அதன்மேல் குறுக்கே இன்னொரு வரிசை, நன்றாக அழுத்தி மேலே கல்லும் சரளையும். பாரம் பரவிவிடும், சேறு உள்வாங்காது. அந்தத் துண்டுக்குப் பன்னிரண்டு ஆண்டு பழுதுபார்ப்பே தேவைப்படவில்லை. அவர் பெற்றது கூலி, கருணை இல்லை.

நான் இவ்வளவு கோபப்பட வேண்டியதில்லை என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். "நல்ல மனசோடு பேசினார், விடுங்கள்." நல்ல மனசை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்ட பிள்ளைக்குத் தன் முன்னோர் யாருமே எதையும் செய்யவில்லை என்றுதானே பதியும்?

அன்று அங்கே கொடுத்தார்களே நாற்காலி, அதன் கதையையாவது கேளுங்கள். 1655இல் ஜெர்மனியின் நூரம்பர்க் பக்கம் ஸ்டீபன் ஃபார்ஃப்லர் என்ற கடிகாரக்காரர், நடக்க முடியாதவர், தனக்கென்று மூன்று சக்கர வண்டி ஒன்று செய்துகொண்டார். கைப்பிடியைச் சுற்றினால் பல்சக்கரம் முன்சக்கரத்தை உருட்டும். கடிகாரத்துக்குள் தினமும் பார்த்த பல்சக்கரம்தான். யார் தள்ளவும் தேவையில்லாமல் போய்வந்தார்.

அந்த விழாவில் மேடையில் ஏழு பேர் பேசினார்கள். நாற்காலி வாங்கிக்கொண்ட ஒருவரிடமும் மைக்கைக் கொடுக்கவில்லை.