நான்காவது ஆளின் உதை

ரக்பி பார்க்கிறவர்களிடம் நியூசிலாந்து ஆட்டக்காரர் ஸ்டீபன் டொனால்டைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே மீன் பிடித்த கதையைச் சொல்வார்கள். கதை எனக்கும் பிடிக்கும். அதை ஒரு பாவமன்னிப்புக் கதையாக ஆக்கிவிட்டதுதான் பிடிக்கவில்லை.

2010 அக்டோபர் 30, ஹாங்காங். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நியூசிலாந்து 24-19 என்று முன்னிலையில் இருக்கிறது. அணியின் முதன்மை உதைப்பாளர் டான் கார்ட்டருக்குப் பதிலாக இறங்கிய டொனால்ட் ஒரு பெனால்டியை, அதாவது எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் மூன்று புள்ளி உதையை, தவறவிட்டார். கடைசி நேரத்தில் பந்தை எல்லைக்கோட்டுக்கு வெளியே உதைத்திருந்தால் போதும். அது உள்ளேயே விழுந்தது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஓ'கானர் ட்ரை போட்டு (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் ஊன்றுவது, 5 புள்ளி), அதற்கான 2 புள்ளி உதையையும் அவரே அடித்தார். 26-24. தோற்றது 15 பேர் ஆடிய அணி. திட்டு முழுக்க ஒருவருக்கு. அடுத்த ஆண்டு சொந்த மண்ணில் நடந்த உலகக் கோப்பைக்கான 30 பேரில் டொனால்ட் இல்லை. இங்கிலாந்தின் பாத் கிளப்புக்கு ஆடக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அப்புறம் நடந்தவை எதுவும் அவர் செய்ததல்ல. பயிற்சியில் கார்ட்டருக்குத் தொடையிடுக்கில் காயம். காலிறுதியில் அவர் இடத்தில் ஆடிய காலின் ஸ்லேடுக்குக் காயம். வைகாட்டோ ஆற்றில் டொனால்ட் வைட்பெய்ட் பிடித்துக்கொண்டிருந்தார். நம் நெத்திலியைவிடப் பொடியான, கண்ணாடி மாதிரி மீன்குஞ்சுகள். பயிற்சியாளர் கிரஹாம் ஹென்றி கூப்பிட்டபோது போனை எடுக்கவில்லை. "போனை எடுடா" என்கிற ரீதியில் அணி நண்பர் ஒருவர் செய்தி அனுப்ப வேண்டியிருந்தது.

அக்டோபர் 23, ஈடன் பார்க், பிரான்சுடன் இறுதிப்போட்டி. 34வது நிமிடத்தில் அதே இடத்தின் மூன்றாவது ஆள் ஆரோன் குரூடனின் முழங்கால் போனது. 21ஆம் எண் ஜெர்சியில் டொனால்ட் இறங்கினார். அது அவருக்குச் சின்னது. வயிறு எட்டிப் பார்த்தது. இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிடங்களில் ஒரு பெனால்டி. அழகான உதை என்று சொல்ல மாட்டேன், ஆனால் உள்ளே போனது. 8-0. அடுத்த நிமிடமே பிரான்ஸ் கேப்டன் துசொத்வார் ட்ரை போட, 8-7. அதோடு நின்றது. 24 ஆண்டுகள் கழித்துக் கோப்பை.

இதைத்தான் 'மீண்டெழுந்தார்' என்கிறார்கள். சரி, எதிலிருந்து? ஒரு ஆட்டத்தில் பந்து கோட்டைத் தாண்டாததிலிருந்தா? அதே இறுதிப்போட்டியில் நியூசிலாந்தின் பீரி வீப்பு மூன்று உதைகளைத் தவறவிட்டார். அணி வென்றதால் அது யாருக்கும் உறுத்தவில்லை. இன்னொன்று: பிற்பாதியில் பிரான்சின் திரான்-தூக் தொலைவிலிருந்து அடித்த பெனால்டி விலகிப் போனது. உள்ளே போயிருந்தால் பிரான்ஸ் முன்னிலைக்கு வந்திருக்கும், டொனால்டின் அந்த மூன்று புள்ளி தோற்ற ஆட்டத்தின் ஒரு வரிக் கணக்காகப் போயிருக்கலாம். ஹாங்காங்கிலும் ஆக்லாந்திலும் ஆடியது ஒரே ஆள், ஒரே கால். இடையில் மாறியது மூன்று பேருடைய உடம்பும் ஒரு பிரெஞ்சுக்காரரின் உதையும். ஆட்டக்காரரின் ஏற்ற இறக்கம் என்று நாம் எழுதுவதில் பாதி இப்படி அடுத்தவர் கணக்குதான்.

இன்னொரு விஷயம் யாரும் அதிகம் பேசாதது. வெளிநாட்டில் ஆடுகிறவரை நியூசிலாந்து தன் அணிக்கு எடுப்பதில்லை. அதனால் அந்த இறுதிப்போட்டியே அவருடைய கடைசி டெஸ்ட், அதாவது நாட்டு அணிக்கான ஆட்டம். மொத்தம் 23. ஊரே தூக்கிக் கொண்டாடிய கையோடு, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலைக்காக மூட்டை கட்டினார். உச்சம், முடிவு இரண்டும் ஒரே ராத்திரியில்! கூலிக்கு ஆடுகிறவரின் நாட்காட்டி அப்படித்தான், கோப்பைக்காகக் காத்திருக்காது.

பாத், அப்புறம் ஜப்பான், பிறகு நியூசிலாந்தில் தன் பழைய அணியான சீஃப்ஸுக்கே திரும்பினார். 2017 ஜூனில் பிரிட்டன், அயர்லாந்து ஆட்டக்காரர்களின் கூட்டணியான பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் ஹாமில்டனுக்கு வந்தபோது சீஃப்ஸின் கேப்டன் அவர்தான், 33 வயதில். 34-6 என்று செம அடி வாங்கினார்கள். அந்த ஆறும் அவர் உதைத்தவை.