கிராபீன் பூசிய வலை ‘ஒருநாளும் அறாது’ என்பது சரியல்ல

திருகோணமலை மீனவர்களின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “கிராபீன் பூசிய வலை உருக்கை விட 200 மடங்கு பலம், ஒருநாளும் அறாது.”

கிராபீன் என்பது ஒரேயொரு அணு தடிப்புள்ள காபன் தாள். அந்த 200 மடங்குக் கணக்கின் வேர் 2008இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எடுத்த அளவீடு. சயன்ஸ் ஆய்விதழில் பார்க்கலாம். அளந்தது தலைமயிரின் தடிப்பை விடப் பன்மடங்கு சிறிய, குறையே இல்லாத துண்டை. பெரிய தாளில் அணுக்கள் விடுபட்ட ஓட்டைகளும் வெடிப்புகளும் வந்துவிடும். இழுக்கும்போது விசை அங்கேதான் குவியும். சொப்பிங் பையின் விளிம்பில் நகத்தால் சின்னக் கீறல் போட்டு இழுத்துப் பாருங்கள். அங்கிருந்துதான் கிழியும். பையாவது கொஞ்சம் நீண்டுகொடுக்கும். வெடிப்புள்ள கிராபீன் கண்ணாடி போல சட்டென்று உடையும் என்று 2014இல் நேச்சர் கொமியுனிகேஷன்ஸ் இதழில் வந்த சோதனை காட்டுகிறது. பூச்சுகளில் பொதுவாக வருவதோ, முழுத் தாள் அல்ல, பிசினில் கலந்த கிராபீன் துகள்கள்தான்.

ஒரு வலைக்கு எத்தனை நாள் உழைப்பு போகிறது என்று நமக்குத் தெரியும். தயவுசெய்து இந்தச் செய்தியை மேலும் அனுப்பாதீர்கள். உங்களுக்கு அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்கள்.