ஐயாயிரத்தில் முடிந்தது என்று யார் சொன்னது?

தோட்டியோடு ஊரில் ஸ்கூட்டர் இடித்த ஒரு பாட்டிக்கு ஐயாயிரம் ரூபாய் கொடுத்து ரோட்டோரத்திலேயே பேசி முடித்த விஷயத்தில் வாயைத் திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அதை எடுத்த வீடியோ இன்று காலைக்குள் தெரு வாட்ஸப் குழு, சர்ச் குழு, பழைய மாணவிகள் குழு என்று மூன்று இடத்தில் வந்துவிட்டது. மூன்றிலும் கீழே கைதட்டல். "போலீஸ் இல்ல, கேஸ் இல்ல, அஞ்சாயிரத்துல சுமுகமா முடிச்சாச்சு. நம்ம ஆட்கள் நம்ம ஆட்கள்தான்."

யாருக்கு முடிந்தது? ஸ்கூட்டர் ஓட்டிய பையனுக்கு முடிந்தது. பேசி முடித்த பெரியவர்களுக்கு முடிந்தது. அந்தப் பாட்டிக்கு முடியவில்லை. வீடியோவை இன்னொரு தடவை போட்டு, பேசுகிறவர்களை விட்டுவிட்டு அந்த அம்மாவை மட்டும் பாருங்கள். கடைத் திண்ணையில் உட்கார்ந்து, பின்மண்டையைத் தடவுகிறார், விரலைப் பார்க்கிறார், மறுபடி தடவுகிறார். யாரோ மடியில் நோட்டை வைக்கிறார்கள். அதை அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "ஒண்ணும் இல்ல பாட்டி, சோடா குடிங்க" என்று ஒரு குரல். ஒன்றும் இல்லை என்று எப்படித் தெரியும்? ஸ்கேன் எடுத்தீர்களா?

எங்கள் மாமாவுக்கும் இப்படித்தான் 'ஒன்றும் இல்லை'.

மாமா குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. 2018இல் ஒரு மழைநாள், விடியற்காலை நாலரை மணிக்கு மொபெட்டில் தோட்டத்துக்குப் போகும்போது லோடு டெம்போ தட்டியது. ஊர் கூடியது, பேசியது, எட்டாயிரம் என்று முடித்தது. நோட்டில் கிழித்த ஒரு தாளில் 'இனி எனக்கும் இந்த வண்டிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை' என்று எழுதி நீட்டினார்கள். வலது மணிக்கட்டு தொங்கிக்கொண்டிருந்ததால் இடது கையால் கையெழுத்துப் போட்டார். நான் போனபோது "போலீசு கீலீசு வேண்டாம் பிள்ளே, வீட்டுக்குப் போவம்" என்றுதான் அவரும் சொன்னார். நானும் சரி என்றேன். ஒன்பதாம் நாள் வாந்தி, பேச்சு குழறல். ஆசாரிப்பள்ளம் பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தால் மண்டைக்குள் ரத்தக்கசிவு. வயதானவர்களுக்கு அது மெதுவாகக் கசிந்து நாட்கள் கழித்துத்தான் வெளியே தெரியும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும்.

அந்த டெம்போவுக்கு இன்சூரன்ஸ் இருந்தது. அன்றைக்கே ஒரு புகார் கொடுத்திருந்தால் போதும். இரண்டு மாதம் கழித்துப் போனோம். விபத்து நடந்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். எதிர்த்தரப்பிடம் அத்தாட்சி இருந்தது, இடது கைக் கையெழுத்தோடு.

அதனால்தான் சொல்கிறேன், ரோட்டோரத்தில் பேசி முடிப்பது மனிதாபிமானம் இல்லை. அடிபட்டவரின் உரிமையை மற்றவர்கள் சேர்ந்து விற்பது.

"பாவம், ஏழைப் பையன், வாழ்க்கை வீணாகிவிடும்" என்று கமெண்டில் வருவார்கள், தெரியும். பையன் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவனுக்கு வண்டியைக் கொடுத்தவர்கள் மேல்தான். வீடியோவில் அவன் சித்தப்பாவே சொல்கிறார், இன்சூரன்ஸ் முடிந்து ஒரு வருஷம் ஆயிற்று என்று. சாதாரண 125 சிசி ஸ்கூட்டருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், அதாவது நம் வண்டியால் அடிபடுகிறவருக்கான இன்சூரன்ஸ், வருஷத்துக்கு 714 ரூபாய், மேலே வரி. 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது பைக்குக்கு ஐந்து வருஷத்துக்கும் சேர்த்தே போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஐந்து வருஷம் எப்போது முடிந்தது என்று பலருக்கு நினைவே இல்லை. பிடிபட்டால் முதல் தடவை 2000 ரூபாய் அபராதம், அது சின்ன விஷயம். இன்சூரன்ஸ் இல்லாமல், அடிபட்டவருக்கு லட்சக்கணக்கில் இழப்பீடு என்று தீர்ப்பு வந்தால் வண்டிச் சொந்தக்காரர் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். ஏழைக் குடும்பத்தைக் காப்பாற்றுவது அந்த 714 ரூபாய்தான். ஓட்டியவனுக்குப் பதினெட்டு ஆகாவிட்டால் கதை வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவும் ஒரு வருஷத்துக்கு ரத்து.

"லைசென்ஸ் இல்லாதவன் இடித்தால் இன்சூரன்ஸ் கிடைக்காது, பிறகு கேஸ் எதற்கு?" இது தப்பு. இன்சூரன்ஸ் உயிரோடு இருந்தால், கம்பெனி அடிபட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றுதான் நீதிமன்றங்கள் பெரும்பாலும் சொல்கின்றன. இடித்தவன் நிற்காமல் போய், வண்டி எதுவென்றே தெரியாவிட்டால்கூட உயிரிழப்புக்கு 2 லட்சமும், பலத்த காயத்துக்கு 50,000மும் அரசுத் திட்டத்தில் உண்டு. நின்று பேசியவனிடம் ஐயாயிரம் வாங்கிக்கொண்டு எழுந்து போகச் சொல்வது என்ன நியாயம்?

கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் குடியிருக்கும் ஊருக்குரிய விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது.

போலீஸ் நம்மையே பிடித்துவைக்கும் என்ற பயம்தான் எல்லாவற்றுக்கும் மேலே. ஆனால் அடிபட்டவரைத் தூக்கிவிட்டவரிடம் பெயரைக்கூடக் கட்டாயப்படுத்திக் கேட்கக் கூடாது. 2016இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது, 2019இல் சட்டத்திலேயே சேர்த்தார்கள். இடித்தவருக்கும் சட்டம் சொல்வது எளிதுதான்: வண்டியை நிறுத்து, அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ, 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவி. செலவுக்குப் பயந்தால், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்று 2021இலிருந்து நம் அரசின் திட்டமே இருக்கிறது. அங்கே கூடி நின்றவர்களில் ஒருவர்கூட 108ஐ அழைக்கவில்லை. அத்தனை பேர் கையிலும் போன் இருந்தது, வீடியோ எடுப்பதற்கு.

"நீ என்ன வக்கீலா?" என்று கேட்பவர்களுக்கு: இல்லை, தையல் கடை வைத்திருக்கிறேன். இதையெல்லாம் மாமாவுக்காக அலைந்து அலைந்து, காலம் கடந்த பிறகு தெரிந்துகொண்டேன். பால்வெட்டுக்குக் கை நிதானம் வேண்டும், கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் மரம் புண்ணாகிவிடும். மாமாவால் இப்போது டீ டம்ளரை ஒரு கையால் பிடிக்க முடியாது. அந்த எட்டாயிரத்தில் இரண்டாயிரத்தை அத்தை இன்னும் செலவழிக்காமல் பைபிளுக்குள் வைத்திருக்கிறார்.

அந்தப் பாட்டி வீட்டு ஆட்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து இன்றே தலைக்கு ஸ்கேன் எடுங்கள். நடக்கிறார், பேசுகிறார் என்று விட்டுவிடாதீர்கள். ஐயாயிரத்தை வாங்கியிருந்தாலும் பரவாயில்லை, புகார் கொடுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் இன்பாக்ஸில் ஒரு வரி போடுங்கள். நாளைக் காலை கடையைத் திறக்காமல் நான் வருகிறேன்.