நுரையீரல் தமனியை விட்டுவிட்டீர்கள்

"தமனியில் நல்ல ரத்தம், சிரையில் கெட்ட ரத்தம்" என்று ரத்தக் குழாய்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம்தான். இதயத்திலிருந்து வெளியே போவது தமனி, திரும்பி வருவது சிரை.

சிரையில் அழுத்தம் குறைவு. அதனால்தான் ரத்தம் கீழே இறங்கிவிடாமல் தடுக்கக் காலில் வால்வுகள். கெண்டைக்கால் தசையும் பிழிந்து மேலே ஏற்றுகிறது. நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த என் அம்மாவுக்கு அந்த வால்வுகள் பழுதாகி நரம்பு சுருட்டிக்கொண்டது. (ஊரில் நரம்பு என்றாலும் அது சிரைதான்.)

அப்புறம், தந்துகிகள் என்னும் மிக நுண்ணிய ரத்தக் குழாய்களை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! 1628இல் ரத்த ஓட்டத்தை விளக்கிய வில்லியம் ஹார்வியால்கூட தமனியையும் சிரையையும் இணைப்பது எது என்று பார்க்க முடியவில்லை. 1661இல் இத்தாலிய மருத்துவர் மால்பீகிதான் தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி வழியாக அந்தத் தந்துகிகளைக் கண்டார். ஒற்றைச் செல் தடிமன்தான் அவற்றின் சுவர். சிவப்பணுக்கள் வரிசையில் ஒவ்வொன்றாக நுழைந்து போகின்றன, திசுக்களுக்கு ஆக்சிஜன் கைமாறுவதும் அங்கேதான்.