ஃபேன் சுற்றுகிறது, படம் மட்டும் வரவில்லை

மூன்று நாளாக வீட்டுக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்' என்று வந்துவிட்டு அப்படியே கறுப்பாகிவிடுகிறது. முன்பெல்லாம் ராம் (RAM) என்கிற தற்காலிக நினைவகத்தில் கோளாறு என்றால், எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முக்கியப் பலகையான மதர்போர்டே பீப் பீப் என்று கத்திச் சொல்லிவிடும், இப்போது பல போர்டுகளோடு அந்தச் சின்ன ஸ்பீக்கரைக்கூடத் தருவதில்லை. இத்தனை விலை வாங்கிக்கொண்டு அதிலுமா மிச்சம் பிடிக்க வேண்டும்?

கடையில் கேட்டால் பெட்டியைத் திறக்காமலேயே "மதர்போர்டு போயிருக்கும் சார், புதுசு போட்டுடலாம்" என்கிறார்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. மானிட்டர் கேபிளை மாற்றிப் பார்த்தீர்களா, அதைப் படம் காட்டுவதற்கென்றே தனியாக இருக்கும் கிராபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறீர்களா இல்லை மதர்போர்டிலா என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

சரி என்று நானே உட்கார்ந்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரண்டு ராமையும் கழற்றி, அடியில் இருக்கும் தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து, ஒன்றை மட்டும் செருகினேன். வரவில்லை. அடுத்த ஸ்லாட்டிலும் வரவில்லை. மதர்போர்டின் பழைய செட்டிங்ஸ் அழியட்டும் என்று, அதில் இருக்கும் சிஆர்2032 என்கிற அந்த 3 வோல்ட் வட்ட பேட்டரியைக் கழற்றி, ஐந்து நிமிடம் விட்டு மாட்டியும் பயனில்லை. அப்புறம் இரண்டாவது ராமை மட்டும் தனியாகப் போட்டேன், படம் வந்துவிட்டது!

ஒரே ஒரு ராம் போனதற்கு முழு மதர்போர்டையும் என் தலையில் கட்டப் பார்த்திருக்கிறார்கள்.