குளிர்கால வேலை: மணித்தியாலச் சம்பளத்தை மட்டும் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள்

ரொறன்ரோவில் இன்டர்லொக் கல் பதிப்பவர்களுக்கும் தோட்ட வேலை செய்பவர்களுக்கும் நவம்பர் நடுப்பகுதியோடு வேலை நின்றுவிடும். நிலம் இறுகிவிட்டால் ஏப்ரல் வரை மண்ணில் கை வைக்க முடியாது. இந்த ஐந்து மாதங்களையும் எப்படிக் கடப்பது என்று, இவ்வருடம் எங்கள் தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பிமார் சிலர் என்னிடம் கேட்டார்கள். பொதிக் களஞ்சியங்களில் வேலை இருக்கிறதுதான். ஆனால் அது பெரும்பாலும் நத்தாரோடு குறைந்துவிடும், நமக்குக் கை வறளும் காலமோ தை முதல் பங்குனி வரை. ஆகவே பதினொரு குளிர்காலமாக நான் செய்துவரும் பனி அகற்றும் வேலையைப் பற்றியே எழுதுகிறேன்.

முதல் வருடம் ஒருவர் மணித்தியாலத்துக்கு 30 டொலர், அதுவும் கையில் காசாகத் தருவதாகச் சொன்னார். அந்தத் தொகையைக் கேட்டதும் வேறெதையும் கேட்கத் தோன்றவில்லை. தலையணைக்குப் பக்கத்தில் தொலைபேசியை வைத்துக்கொண்டு, அழைப்பு வருமோ வராதோ என்று தெரியாமல், வேறு வேலைக்கும் போக முடியாமல் அந்தக் குளிர்காலம் கழிந்தது. ஒருநாள் அதிகாலை இரண்டரைக்கு அழைத்தார். வாடகைக் காருக்கு 24 டொலர் கொடுத்துப் போய்ச் சேர்ந்தேன். பிளாசா நடைபாதையில் பனிக்கட்டியை உருக்கும் உப்பை வாளியிலிருந்து அள்ளித் தூவி முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. கையுறைக்குள் விரல்கள் விறைத்து, வாளியின் கைபிடியைப் பிடிக்கவே முடியவில்லை. "காணும், நீர் போகலாம்" என்று 20 டொலரை நீட்டினார். பங்குனி முடிவில் என் குறிப்புப் புத்தகத்தைக் கூட்டிப் பார்த்தபோது, மொத்தம் 186 மணித்தியாலம், 5,580 டொலர். சம்பளச் சிட்டை இல்லாததால் அதில் ஒரு மணித்தியாலம்கூட ஈ.ஐ. (வேலை இழந்தவர்களுக்குக் கனடா அரசு தரும் காப்புறுதிப் பணம்) கணக்கில் ஏறவில்லை. ஈ.ஐ.க்குத் தகுதி பெற, வசிக்கும் பகுதியின் வேலையின்மை வீதத்தைப் பொறுத்து வழக்கமாக 420 முதல் 700 மணித்தியாலம் வரை தேவை என்பதை அறிந்தவர்களுக்கு அந்த இழப்பு எவ்வளவு பெரியது என்று விளங்கும்.

அடுத்த வருடம் வேறோர் இடத்தில் 25 டொலருக்குச் சேர்ந்தேன். சம்பளம் குறைவு என்று நண்பர்கள் சொன்னார்கள். ஆனால் பனி விழுந்தாலும் விழாவிட்டாலும் வாரத்துக்கு 20 மணித்தியாலச் சம்பளம் நிச்சயம் என்று அந்த ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. இருபது வாரத்துக்கு, வரி கழிக்குமுன், 10,000 டொலர். அதற்குமேல் செய்த வேலைக்குத் தனிக் கணக்கு. பனி நம் கையில் இல்லை என்பதால், இந்தத் தொழிலில் நல்ல சம்பளம் என்பது நிச்சயமாகக் கிடைக்கும் மணித்தியாலங்கள்தான் என்று நான் அன்றிலிருந்து உறுதியாக நம்புகிறேன்.

வேலை கேட்கப் போகும்போது, அந்த நிறுவனம் பனி தள்ளுவதோடு உப்புப் போடும் ஒப்பந்தங்களும் வைத்திருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். பெரும்பனி ஒரு பருவத்தில் சில தடவைதான் வரும். பகலில் உருகி இரவில் கண்ணாடியாக உறையும் நாட்களோ ஏராளம், அத்தகைய இரவுகளில் எல்லாம் உப்பு வண்டி ஓடியாக வேண்டும். வெப்பநிலை மறை பத்துக்குக் கீழே போனால் சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாது என்பதால், மருந்து கலந்த உப்பையும் அதைப் பாவிக்கத் தெரிந்த ஆட்களையும் தேடுவார்கள். 11,000 கிலோவுக்கு மேற்பட்ட பாரவூர்தியை ஓட்டுவதற்கான டி.இசட். அனுமதிப்பத்திரத்தைக் கோடையிலேயே எடுத்துவைத்தவருக்கு, மண்வாரியோடு நிற்பவரைவிடச் சம்பளமும் கூட, முதுகுக்கும் நல்லது.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிந்துவைத்திருங்கள். வழக்கமாக நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யும் ஊழியரை வரவழைத்து, அவர் தொடர்ந்து செய்ய ஆயத்தமாக இருந்தும் அதற்கு முன்பே அனுப்பிவிட்டால், மூன்று மணித்தியாலச் சம்பளமாவது கொடுக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவின் பொது விதி. உண்மையில் ஊழியராக இருப்பவரைத் 'தனி ஒப்பந்தக்காரர்' என்று பெயர் மாற்றி வைப்பதும் சட்டப்படி குற்றம்.

ஈ.ஐ. எடுத்துக்கொண்டே பனி வேலை செய்தால் அது முழுவதும் வெட்டுப்பட்டுவிடும் என்ற பயத்தில்தான் பலர் காசு வேலைக்குப் போகிறார்கள். அந்தப் பயம் பிழையானது. வாரம் 500 டொலர் ஈ.ஐ. பெறும் ஒருவர் 400 டொலர் உழைத்து, அதை ஒழுங்காக அறிவித்தால், அதில் பாதியான 200 டொலர்தான் ஈ.ஐ.யில் கழிபடும். அவர் கையில் மொத்தம் 700 வரும். முன்பு உழைத்த வாரச் சம்பளத்தின் 90 வீதம்வரை இந்தக் கணக்கு செல்லும். அதே 400 டொலரை ஒளித்துப் பிடிபட்டால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டுவதோடு தண்டமும் கட்ட வேண்டியிருக்கும்.

நல்ல நிறுவனங்கள் செப்டம்பரிலேயே ஆட்களைச் சேர்க்கத் தொடங்கிவிடும். முதல் பனி விழுந்தபிறகு தேடிப் போனால் எஞ்சியிருப்பது அந்த 30 டொலர் காசு வேலைதான். ஒப்பந்தத் தாளை வாசித்து விளங்கிக்கொள்வதில் சிரமம் உள்ள தம்பி தங்கைகள் கையெழுத்து வைப்பதற்கு முன் அதைப் படம் பிடித்து எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். மாலை ஏழு மணிக்குப் பிறகு வாசித்துப் பதில் எழுதுவேன்.